பெரிய எழுத்து டூட்டி சார்ட்

மார்ச் 3, திங்கள். இரண்டு மடங்கு.

தினமும் பத்து வரி டைப் செய்ய வேண்டுமாம். கண் ஆஸ்பத்திரியில் பார்வை குறைந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கிக் கொடுக்கிற ஜெபசெல்வி சொல்லிவிட்டாள். "என்ன எழுதுறீங்கங்கிறது முக்கியமில்ல சார், கை பழகணும். தேதிக்குப் பக்கத்துல அன்னைக்கு எழுத்தை எத்தனை மடங்கு பெருசு பண்ணீங்கன்னு மட்டும் மறக்காமப் போடுங்க. மாசக் கடைசில வந்து படிச்சுப் பாப்பேன்" என்றாள். ஐம்பத்தொரு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். நீ படிப்பாய் என்பதால் ஒழுங்காகவே ஆரம்பிக்கிறேன், ஜெபசெல்வி.

என் பெயர் தளவாய். இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். கண்ணில் நடுப்பகுதி கெட்டுப்போனது. ஆளைப் பார்த்தால் தோள் தெரியும், மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் புகை. டிக்கெட் மிஷினில் நம்பர் தெரியாமல் போனதும் டிப்போவுக்குள் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நாளைக்கு எந்த டிரைவர், எந்த கண்டக்டர், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று டூட்டி சார்ட் போடுகிற நாற்காலி. மொத்தம் நூற்றுப் பதினெட்டு பேர். ஏழு மாதமாக மூக்கை ஸ்கிரீனில் ஒட்டவைத்துக்கொண்டு போட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சார்ட்டைப் போர்டில் ஒட்டுவோம். அதில் தப்பு இருந்தால் கண்டுபிடித்தவன் ஆட்சேபணை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் அறையின் ஜன்னல் கம்பியில்தான் அந்த நோட்டு சணலில் தொங்குகிறது. பிப்ரவரியில் மூன்று வரி ஏறிவிட்டது. மேனேஜர் சந்தனகுமார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "மார்ச் முழுக்கப் பாக்கேன் தளவாய். இன்னும் ஒரு வரி ஏறினாலும் ரெக்கார்டு ரூமுக்குப் போயிரும்."

ரெக்கார்டு ரூமில் வேலை கிடையாது. காலையில் ஒரு கையெழுத்து, சாயங்காலம் ஒரு கையெழுத்து, நடுவில் பழைய ஃபைலும் எலிப்புழுக்கையும். அங்கே போனால் நான் செத்துப்போவேன் என்று என் மனைவி கோமுவிடம் சொன்னேன். "செத்தா சோறு மிச்சம்" என்றுவிட்டு, போய்ச் சாமிக்கு விளக்கேற்றினாள்.

வெள்ளிக்கிழமை நீ வந்து இந்தக் கம்ப்யூட்டரில் பூதக்கண்ணாடியைத் திறந்து கொடுத்தாய். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் எழுத்தெல்லாம் வீங்குகிறது. ஸ்கிரீனில் என் பெயரை நானே நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன். கண் கலங்கியது. கலங்கினால் இன்னும் தெரியாது என்பதால் துடைத்துக்கொண்டேன். நீ நன்றாயிருப்பாய்.

மார்ச் 4, செவ்வாய். இரண்டு மடங்கு.

மவுஸ் அம்பு எங்கே போனது என்று தேடி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

மார்ச் 5, புதன். இரண்டு மடங்கு.

இந்தப் பூதக்கண்ணாடியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எழுத்து பெரிசாகிறதே தவிர ஸ்கிரீன் பெரிசாகவில்லை. சார்ட்டில் இடது ஓரம் ஆள் பெயர், வலது ஓரம் அவனுக்கு நாளைக்கு உள்ள வண்டி. பெயரைப் பார்க்கும்போது வண்டி தெரியாது. வண்டிக்குப் போனால் பெயர் மறைந்துவிடும். நாலு பேர் தூக்கிப் போகிற மெத்தை மாதிரி சார்ட் முழுவதும் அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

நீ சொன்னபடி மேஜையைத் திருப்பிப் போட்டேன். இப்போது ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால். வெளியே ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை நிழல் விழுவதால் ஸ்கிரீனில் கூசவில்லை. கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது. உண்மையிலேயே சுகம்.

மார்ச் 7, வெள்ளி. இரண்டு மடங்கு.

நாலு மணிக்குச் சார்ட் போட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னலில் சொரிமுத்து வந்து நின்றான். டிரைவர். ஒரு காலத்தில் நானும் அவனும் ஒரே வண்டியில் ஓடியவர்கள். ஆள் நல்லவன், ஆனால் தொணதொணப்பு.

"அண்ணாச்சி, காலைல ஆறு பத்து திருச்செந்தூர் நாளைக்கு ஓடுதா?"

"ஓடாம? நீ பொறந்ததுல இருந்து ஓடுது."

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவன் போனபிறகு எதேச்சையாக அந்த வரிக்குப் போனேன். ஆறு பத்துக்கு டிரைவரே போடவில்லை. நல்லவேளை, நானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். கண் போனாலும் மூளை மழுங்கவில்லை.

மார்ச் 10, திங்கள். இரண்டு மடங்கு.

இன்று ஜன்னலில் இன்னொரு தொணதொணப்பு. பெனடிக்ட் என்ற டிரைவர். "அண்ணாச்சி, நாளைக்கு எனக்குப் பாவநாசந்தான?" என்கிறான். ஒட்டினபிறகு போர்டில் பார்த்தால் என்ன, கொள்ளையா போகிறது? சத்தம் போட்டு அனுப்பினேன். பிறகு பார்த்தால் பாவநாசம் ஒன்பது மணியிலும் அவன், சங்கரன்கோவில் ஒன்பது மணியிலும் அவன். ஒரே ஆள் எப்படி இரண்டு வண்டி ஓட்டுவான்? திருத்தினேன். இதையும் நானே கண்டுபிடித்தேன் என்பதைக் குறித்துக்கொள்.

ஸ்கிரீனில் ஒரு தடவைக்கு 'சொரிமு' வரை தெரிகிறது. 'த்து'வுக்கு நகர வேண்டியிருக்கிறது. பெயரை எல்லாம் இவ்வளவு நீளமாக யார் வைக்கச் சொன்னது?

மார்ச் 13, வியாழன். இரண்டு மடங்கு.

ஜெபசெல்வி போன் செய்தாள். ஆள் பெயர் இருக்கிற பத்தியை நகராமல் நிறுத்திவைக்க ஒரு வழி இருக்கிறதாம். வலது பக்கம் எவ்வளவு தூரம் போனாலும் பெயர் இடது ஓரத்திலேயே ஆணி அடித்தாற்போல் நிற்குமாம்.

"நேர்ல வந்து செஞ்சு தரட்டுமா சார்? இல்லன்னா வரி மாறிப் போயிடும். நெறைய பேருக்கு நடக்குறதுதான்."

"எனக்கு வேண்டாம்மா. நூத்துப் பதினெட்டுப் பேரும் எனக்கு மனப்பாடம்."

"இப்ப எத்தனை மடங்கு சார் வச்சிருக்கீங்க?"

"ரெண்டு" என்றேன்.

பக்கத்தில் கோமு இருந்தாள். போனை வைத்ததும், "ஒங்க கண்ணுக்குத் தெரியாததை ஒங்க வாயி மறைச்சிரும்" என்றாள். இவளுக்கு என்ன தெரியும்? இருந்தாலும் என் சட்டைக்குப் பட்டன் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று வாசல்வரை வந்து பார்த்து அனுப்புகிறவள் இவள்தான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 17, திங்கள். இரண்டு மடங்கு.

இன்றோடு பதினேழு நாள். மத்தியானம் நோட்டை எடுத்துக் கண்ணோரத்தில் வைத்துப் பார்த்தேன். பிப்ரவரியோடு நிற்கிறது. மார்ச்சுக்கு ஒரு வரிகூட இல்லை. மேனேஜர் எதிரே வந்தபோது நானாகவே போய், "சார், நோட்டைப் பாத்தீங்களா?" என்றேன். "பாத்தேன் வே. நல்லா இருக்கு" என்றார். மதியம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கியது.

ஆனால் இந்த ஜன்னல்தான் தலைவலி. நாலு மணி ஆனால் ஆறு பேர், ஏழு பேர் நிற்கிறார்கள். ஒருவன் லீவைப் பற்றிக் கேட்கிறான், ஒருவன் வண்டி நம்பர் கேட்கிறான், ஒருவன் "வள்ளியூர் டிரிப்புக்குக் கண்டக்டர் யாரு அண்ணாச்சி?" என்கிறான். அவன் டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை, டயர் மாட்டுகிறவன். அவனுக்கு எதற்கு வள்ளியூர்?

இன்றுதான் விஷயம் புரிந்தது. என் ஸ்கிரீனில் எழுத்து அவ்வளவு பெரிசு. ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றாலே படிக்கலாமாம். சினிமா பார்க்கிற மாதிரி என் முதுகுக்குப் பின்னால் நின்று சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன். இரண்டு மடங்கு.

மேனேஜர் அந்தப் பக்கமாகப் போனவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டார். ஒட்டுவதற்கு முன்னால் சார்ட்டை யாருக்கும் காட்டக்கூடாது என்பது டிப்போ வழக்கம். காட்டினால் எனக்கு அந்த வண்டி கொடு, இந்த வண்டி கொடு என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள். "என்ன வே, சார்ட்டை ஊருக்கே படம் காட்டுதீரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு வந்ததே கோபம். ஜன்னலுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். எல்லாரும் கலைந்தார்கள். சொரிமுத்து மட்டும் நின்றான்.

"ஏல, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா?"

"அண்ணாச்சி, நாங்க நின்னா ஒங்களுக்கு என்ன நட்டம்?"

"என் மானம் நட்டம். போல இங்கருந்து."

போய்விட்டான். அவன் செருப்புச் சத்தம் மெதுவாகத்தான் போனது.

மார்ச் 21, வெள்ளி. இரண்டு மடங்கு.

கோமுவின் பழைய சேலையைப் பாதியாகக் கிழித்து ஜன்னலில் திரை கட்டினேன். என்ன ஒரு அமைதி. ஒரு கேள்வி இல்லை, ஒரு இருமல் இல்லை. நாலே முக்காலுக்கெல்லாம் சார்ட் முடிந்தது. ஐந்து மணிக்கு ஒட்டியாகிவிட்டது. இப்படி வேலை செய்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 22, சனி. ஐந்து மடங்கு. இது உண்மையான கணக்கு.

ஜெபசெல்வி, உன்னிடம் பொய் சொன்னேன். இரண்டு மடங்கு என்பது முதல் வாரத்தோடு சரி. பிறகு மூன்று, நாலு. பத்து நாளாக ஐந்து. எழுதினால் கண் இன்னும் மோசமாகிவிட்டது என்று ஆகிவிடும், எழுதாவிட்டால் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். எழுதாவிட்டாலும் ஆகியிருக்கிறது.

இன்று காலை என் மேஜையில் ஐந்து மியூச்சுவல் லெட்டர் இருந்தது. இரண்டு பேர் தங்களுக்குள் பேசி டூட்டியை மாற்றிக்கொண்டால் எழுதிக் கொடுக்கிற லெட்டர் அது. கல்யாணம், காது குத்து, காய்ச்சல் என்று வாரத்துக்கு ஒன்று வரும். ஒரே நாளில் ஐந்து வந்ததில்லை. ஐந்தும் ஒரே கையெழுத்து, சொரிமுத்துவின் கோணல் எழுத்து. கீழே கையெழுத்துப் போட்ட ஆட்கள் மட்டும் வேறு வேறு. காரணம் என்று ஐந்திலும் ஒரே வார்த்தை: "சொந்த வேலை."

சேர்ந்தாற்போல் ஐந்து பேருக்குச் சொந்த வேலையா? கையில் பிடிக்கிற பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் படித்து, யார் யாருக்கு எந்த வண்டி போனது என்று சார்ட்டில் போட்டுப் பார்த்தேன். மாற்றி மாற்றிக் கடைசியில் வந்து நின்றது வேறொன்றுமில்லை, நான் போட நினைத்த சார்ட்தான். ஒரு பிசகு இல்லாமல் அதேதான்.

நேற்றுப் பதினாலாவது பெயரிலிருந்து வலது பக்கம் போனபோது நான் ஒரு வரி கீழே இறங்கியிருக்கிறேன். அது தெரியாமலே பத்தொன்பது வரை போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அவனவன் வண்டி அடுத்தவனுக்கு. பெனடிக்ட் வெள்ளி ராத்திரி மதுரை வண்டி ஓட்டிவிட்டுச் சனி காலை ஐந்தரைக்குத்தான் வந்து இறங்குவான். அவனுக்கு ஆறு பத்து திருச்செந்தூர் போட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்க முழித்தவன் கையில் அத்தனை சனத்தையும் கொடுத்திருக்கிறேன்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். காலியாக இருந்தது. ஒருத்தனும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் இப்போது ரெக்கார்டு ரூமில் இருப்பேன்.

அதன்பிறகு இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். ஏழாம் தேதி, பத்தாம் தேதி: அவர்கள் ஜன்னலில் கேட்ட வரியில்தான் தப்பு இருந்திருக்கிறது. நானே கண்டுபிடித்தேன், நானே கண்டுபிடித்தேன் என்று எழுதிவைத்திருக்கிறேன். வெட்கங்கெட்டவன்.

மத்தியானம் சொரிமுத்து டீக்கடையில் இருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானல? எதுக்குச் சுத்தி வளைச்சுக் கேள்வி?"

"சொன்னா நோட்டுல எழுதணும்லா அண்ணாச்சி. அதான டிப்போ சட்டம். கேட்டா எழுத வேண்டாம்." டீயை ஒரு வாய் குடித்தான். "அதனால எல்லாரும் கேக்குறதுன்னு முடிவு பண்ணோம்."

"எல்லாரும்னா?"

"எல்லாருந்தான். டயர் மாட்டுத நயினாரு வரைக்கும்."

"என் கண்ணு இவ்வளவு மோசம்னு எப்பல இருந்து தெரியும்?"

"நாம திருச்செந்தூர் வண்டில சேந்து ஓடும்போதே தெரியும். சில்லறைய வெரலால தடவித் தடவிக் கொடுப்பீங்க. ஸ்டாப்பு வந்தா பேரு சொல்ல மாட்டீங்க. அதுனாலதான் நான் முன்னால இருந்து ஊர்ப் பேரை எல்லாம் கத்துனது."

"என் வேலைய நீ எதுக்குல பாக்கன்னு ஒங்கிட்டச் சண்ட போட்டேனே."

"ஆமா. ஒரு வாரம் பேசல நீங்க."

வடை வேணுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினேன். அறைக்குத் திரும்பி வந்து சேலையை அவிழ்த்தேன். தடித்த மார்க்கர் பேனாவை எடுத்து ஆட்சேபணை நோட்டில் எழுதினேன். "21ஆம் தேதி சார்ட். வரிசை எண் 14 முதல் 19 வரை தவறு. டிரைவர் பெனடிக்ட்டுக்கு ஓய்வு தரப்படவில்லை. ஆட்சேபிப்பவர்: தளவாய்." ஒரு பக்கம் முழுவதும் வந்துவிட்டது. என் எழுத்து அவ்வளவு பெரிசு.

கோமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து மடங்கு என்பதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எழுதிட்டீங்கல்லா, இனி நிம்மதியாத் தூங்குங்க" என்றாள்.

மார்ச் 24, திங்கள். ஐந்து மடங்கு.

மேனேஜர் நோட்டோடு வந்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நாந்தான் சார்."

"நோட்டு வண்டி ஓட்டுதவனுக்கு வே. சார்ட் போடுதவன் அவன் மேல அவனே ஆட்சேபணை எழுதுத கூத்தை நான் எங்கயும் பாக்கல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு குரல் இறங்கியது. "பெனடிக்ட் தூக்கக் கலக்கத்துல வண்டிய எடுத்துட்டுப் போயிருந்தா என்னவாயிருக்கும்னு நெனச்சுப் பாத்தீரா?"

"ரெண்டு நாளா அதை மட்டுந்தான் சார் நெனைக்கேன்."

நோட்டை மூடினார். "முப்பத்தொண்ணாந் தேதி சொல்லுதேன்" என்று எழுந்துவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவரைக் குறை சொல்லமாட்டேன்.

மார்ச் 26, புதன். ஐந்து மடங்கு.

ஜெபசெல்வி, கூப்பிட்ட மறுநாளே இரண்டு பஸ் மாறி வந்தாய். நான் பொய் சொன்னதற்கு ஒரு வார்த்தை கேட்பாய் என்று பயந்துகொண்டிருந்தேன். இதைப் படித்துவிட்டு, "ரெண்டுன்னு போட்டுட்டு 'த்து'வுக்கு நகரணும்னு எழுதியிருக்கீங்களே சார், ரெண்டுல முழுப் பேரும் தெரியுமே, அதுலயே மாட்டிக்கிட்டீங்க" என்று சிரித்தாய். பெயர்ப் பத்தியை நகராமல் நிறுத்தினாய். வரிக்கு வரி நடுவில் மஞ்சள் கோடு போட்டாய். வெள்ளை ஸ்கிரீனைக் கறுப்பாக்கி எழுத்தை வெளுப்பாக்கினாய். கண்ணில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது.

ஒரு நாள் ஐந்து மடங்கும் போதாமல் போகும், அப்போது கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படிக்கிற மாதிரி பழகலாம் என்றும் சொன்னாய். இதை யாராவது ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். இன்று, "அதையும் சொல்லிக் குடும்மா" என்றேன்.

மார்ச் 29, சனி. ஐந்து மடங்கு.

மூன்று நாளாகச் சார்ட்டில் வரி இறங்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் பெயர் அசையாமல் கூடவே நிற்கிறது. ஆனால் திரையை அவிழ்த்த பிறகும் ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. நான் விரட்டியதில் வந்த ரோஷம். நியாயந்தான். நாலு மணிக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 31, திங்கள். ஐந்து மடங்கு.

டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மேஜை டிராயரைக் காலி செய்து பையில் போட்டுக்கொண்டேன், போகச் சொன்னால் உடனே போய்விடலாம் என்று. மூன்றரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். கண்ணோரத்தில் பார்த்தேன், மேஜையில் ஒரு தாள் இருந்தது.

"தளவாய், ஒமக்கு முன்னால இந்தச் சீட்டுல இருந்த ஆளு நல்ல கண்ணு உள்ள ஆளு. போன மார்ச் நோட்டை எடுத்துப் பாத்தேன். பதினோரு வரி இருக்கு." தாளைத் தட்டினார். "அவருக்கு ஜன்னல்ல நின்னு தப்பைப் பாத்துச் சொல்ல ஆளு கெடையாது. அதான் வித்தியாசம். இனிமே நாலு மணிக்கு ஜன்னலத் தெறந்து சார்ட்டப் பெரிய எழுத்துல எல்லாருக்கும் காட்டணும். ஒரு மணி நேரம். எவன் வேணாலும் தப்பச் சொல்லலாம். ஆனா எனக்கு இந்த வண்டிதான் வேணும்னு எவனாவது கேட்டா அவன் பேரை எழுதி எங்கிட்டக் கொடும். அஞ்சு மணிக்கு ஒட்டினதுக்கு அப்புறம் வாரதுதான் நோட்டுல ஏறும். ஆர்டர் போட்டாச்சு."

"அப்போ ரெக்கார்டு ரூமு சார்?"

"அங்க ஏற்கனவே எலி டூட்டி பாக்குது. நீரு போயி ஒம்ம வேலையப் பாரும்."

கையெடுத்துக் கும்பிட்டேன். "அதெல்லாம் எதுக்கு வே" என்று ஃபைலுக்குள் குனிந்துகொண்டார்.

நாலு மணிக்கு ஜன்னல் கதவு இரண்டையும் அகலத் திறந்தேன். ஆர்டரைப் போர்டில் படித்திருப்பார்கள் போலிருக்கிறது, வேப்பமரத்தடியில் பேச்சுச் சத்தம். யாரும் பக்கத்தில் வரவில்லை. கடைசியில் பழகிய செருப்புச் சத்தம் வந்து ஜன்னலில் நின்றது. நான் மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு போனேன். நாற்பத்திரண்டாவது வரியில் சொரிமுத்து இருமினான்.

"அண்ணாச்சி, நாகர்கோவில் எட்டு மணி வண்டிக்கு நாளைக்கு..."

"ஏல, இன்னும் என்ன கேள்வி? நேராச் சொல்லு."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் நெருங்கி வந்தான்.

"தப்பு அண்ணாச்சி. அந்த கண்டக்டர் நாளைக்கு லீவு. மாத்துங்க."

மாற்றினேன். திரும்பி உட்கார்ந்து, "ரொம்ப நன்றிடே" என்றேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவனிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மரத்தடியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"அடுத்த வரிக்குப் போங்க அண்ணாச்சி" என்றான்.